பாலைவனம், பார்டர், நடுவுல 15 லட்சம் பேர்: சியுதாத் ஹுவாரெஸ் எத வச்சு வளருது?

வெயில்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கம்பெனில மூணு மாச வேலைக்கு மெக்ஸிகோல இருக்கற சியுதாத் ஹுவாரெஸுக்கு அனுப்பறாங்க. வயர் ஹார்னஸ் (கார்ல போற வயர் கட்டு) லைன் செட்டப் பண்றதுதான் நம்ம வேலை. விசா, டிக்கெட்லாம் ஆபீஸ்லயே பாத்துக்கறாங்க, அதப்பத்தி கேக்க வரல. ஊர் பேர சொன்ன உடனே வீட்ல ஒருத்தர் விடாம "ஐயோ அந்த கொலை நடக்கற ஊரா"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க, எல்லாம் வெப் சீரிஸ் பாத்து வந்த பயம். அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

என் சந்தேகம் வேற. நேத்து ராத்திரி தூக்கம் வராம சாட்டிலைட் மேப்ப திறந்து அந்த ஊர பாத்துட்டே இருந்தேன். எந்தப்பக்கம் நகத்தினாலும் காஞ்ச மண்ணு, தெக்கால போனா சுத்தமா மணல்மேடு. நடுவுல ஆறுன்னு ஒரு கோடு போகுது, அதுலயும் தண்ணிய காணோம், சிமெண்ட் வாய்க்கா மாதிரி வெள்ளையா தெரியுது. கோட்டுக்கு வடக்க அமெரிக்காவோட எல் பாசோ, தெக்க இந்த ஊர், ரெண்டும் முதுகு ஒட்டி பொறந்த குழந்தைங்க மாதிரி இருக்கு. 1950ல சுமார் 1,20,000 பேர் இருந்த ஊராம், 2020 சென்சஸ்ல 15 லட்சத்த தாண்டிருச்சு. மழை வருஷத்துக்கு 25 சென்டிமீட்டர்கூட தேறாது. துறைமுகம் இல்ல, எண்ணெய் இல்ல, ஆத்துல தண்ணியும் இல்ல. அப்புறம் எத நம்பி இத்தன பேர் அங்க போய் உக்காந்திருக்காங்க? குடிக்க தண்ணி எங்கருந்து வருது? அங்க இருந்தவங்க, தெரிஞ்சவங்க யாராச்சும் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, விக்கிப்பீடியா லிங்க் மட்டும் போட்டுட்டு போயிடாதீங்க ப்ளீஸ்.

அக்கரைச்சீமை எழுதியது:

வாங்க ப்ரோ. நான் நாலு வருஷம் அங்க வேலை பாத்தவன். வீடு எல் பாசோல, பிளான்ட் ஹுவாரெஸ்ல, தினம் பாலம் ஏறி இறங்கறதுதான் பொழப்பு.

நீங்க துறைமுகம் இல்ல, எண்ணெய் இல்லன்னு தேடுறீங்க. அந்த ஊர் விக்கிற சரக்கே பார்டர்தான். முந்நூறு வருஷத்துக்கு மேல பழைய ஊர் அது, 1659ல ஒரு பாதிரியார் மிஷன் ஆரம்பிச்சாரு, அந்த கோயில் இன்னும் டவுன் நடுவுல கதீட்ரல ஒட்டி சின்னதா வெள்ளையா நிக்குது, போனா கண்டிப்பா பாருங்க. அப்போ பேரு எல் பாசோ டெல் நோர்ட்டே, வடக்க போற கணவாய்னு அர்த்தம். ரெண்டு மலைக்கு நடுவுல ஆறு அறுத்துட்டு வர்ற இடம், வடக்க இருக்கற சாண்டா ஃபே ஊர் பக்கம் வண்டி கட்டிட்டு போறவன் அங்கதான் ஆத்த கடக்கணும். அமெரிக்காவோட நடந்த போர்ல மெக்ஸிகோ தோத்து 1848ல ஒப்பந்தம் போட்டப்பதான் ஆறு எல்லையாச்சு, நேத்து வரைக்கும் அக்கரை இக்கரைன்னு இருந்தது வேற நாடாயிடுச்சு. பிரெஞ்சுக்காரன் படையெடுத்தப்ப ஜனாதிபதி பெனிட்டோ ஹுவாரெஸ் இங்க ஒதுங்கி இருந்துதான் அரசாங்கம் நடத்தினாரு, அதனால 1888ல அவர் பேரையே ஊருக்கு வச்சிட்டாங்க.

அதுக்கப்புறம் காலத்துக்கு காலம் வியாபாரம் மாறுச்சு, கடை மட்டும் அதே எடத்துலதான். 1920ல அமெரிக்கால மதுவிலக்கு வந்ததும் பாலம் இறங்குன உடனே வரிசையா பார். மதுவிலக்கு போச்சா, அடுத்தது டைவர்ஸ்! அங்க வருஷக்கணக்குல இழுக்கற விவாகரத்த இங்க வந்து சட்டுனு முடிச்சிட்டு போவாங்க, ஹாலிவுட் நடிகை மர்லின் மன்ரோ எழுத்தாளர் ஆர்தர் மில்லர விவாகரத்து பண்ணது 1961ல இந்த ஊர் கோர்ட்லதான். இப்பவும் பல்லு கட்ட, மாத்திரை வாங்க எல் பாசோக்காரங்க நடந்தே இந்தப்பக்கம் வருவாங்க, பாலத்துக்கிட்ட தடுக்கி விழுந்தா பல் டாக்டர் மேலதான் விழணும்.

ஆனா 15 லட்சம் பேர் ஆனது இதனால இல்ல. 1942லருந்து அமெரிக்கா தோட்ட வேலைக்கு மெக்ஸிகோ ஆளுங்கள ஒப்பந்தத்துல கூட்டிட்டு போயிட்டிருந்துச்சு, பிராசெரோ திட்டம்னு பேரு. 1964ல அத நிறுத்திட்டாங்க. ஆம்பளைங்க எல்லாம் பார்டர்ல வேலை இல்லாம நிக்கறாங்கன்னு மெக்ஸிகோ அரசாங்கம் 1965ல ஒரு திட்டம் கொண்டாந்தது. வெளிநாட்டு கம்பெனி மெஷினையும் பார்ட்ஸையும் வரி கட்டாம உள்ள கொண்டாரலாம், இங்க ஆள் வச்சு அசெம்பிள் பண்ணி திருப்பி அனுப்பிடணும். அந்த மாதிரி ஃபேக்டரிக்குத்தான் மகிலாடோரான்னு பேரு, பேச்சுல மகிலா. அந்த வார்த்தையே அழகு. பழைய ஸ்பானிஷ்ல மகிலான்னா அடுத்தவன் தானியத்த அரைச்சு குடுக்கறவன் கூலியா எடுத்துக்கற பங்கு. நெல்லு உன்னுது, அரிசியும் உன்னுது, கூலி மட்டும் எனக்கு, அவ்ளோதான் மொத்த பொருளாதாரமும். 1994ல நாஃப்டா (அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ மூணும் போட்ட வர்த்தக ஒப்பந்தம்) வந்ததும் கூரை பிச்சிட்டு கொட்டுச்சு. டிவி, கார் சீட், ஆஸ்பத்திரி சாமான், முக்கியமா உங்க வயர் ஹார்னஸ். மகிலால மட்டும் ரெண்டரை லட்சத்துலருந்து 3 லட்சம் பேர் அளவுக்கு வேலை பாக்கறாங்க.

நீங்க போய் பாப்பீங்க, சுத்திட்டே இருக்கற பலகை மேல ஆணி அடிச்சிருக்கும், பலகை நகர நகர அந்தந்த பொண்ணு தன் கலர் வயர மட்டும் ஆணிக்கு ஆணி வளைச்சு கிளிப்ல அழுத்திட்டு அடுத்ததுக்கு கைய நீட்டும். விரல்ல டேப் சுத்தியிருக்கும், வயர் உராசுற எடம் அது. பலகைய பாக்கவே பாக்காது, பக்கத்து பொண்ணுகிட்ட கத பேசிட்டே கை மட்டும் ஓடும். நான் ஒரு தடவ நின்னு பாத்து ட்ரை பண்ணேன், மூணாவது வயர்லயே பலகை என்ன தாண்டி போயிடுச்சு, லைனே சிரிச்சுது.

ஆழ்துளை எழுதியது:

தண்ணி கேள்விக்கு நான் வரேன், நிலத்தடி நீர்தான் நம்ம படிப்பு.

மொதல்ல அந்த சிமெண்ட் வாய்க்கா. ரியோ கிராண்டேன்னு அமெரிக்காக்காரன் சொல்றான், ரியோ பிராவோன்னு மெக்ஸிகோக்காரன் சொல்றான், ஆறு ஒன்னுதான். எல்லைய ஆத்து மேல போட்டா என்ன ஆகும்னா ஆறு ஒரு எடத்துல இருக்காது. 1864 வெள்ளத்துல ஆறு தெக்கால நகர்ந்துடுச்சு, மெக்ஸிகோ நிலம் ஒரு துண்டு ஆத்துக்கு வடகரைக்கு போயிடுச்சு, சாமிசால்னு பேரு. அந்த தகராறு கிட்டத்தட்ட நூறு வருஷம் ஓடுச்சு. 1911ல நடுவர் தீர்ப்பு வந்துச்சு, அமெரிக்கா ஒத்துக்கல. கடைசியா 1963ல ஒப்பந்தம் போட்டு, குடியிருந்த 5,000க்கு மேற்பட்ட எல் பாசோ ஜனங்கள எழுப்பி விட்டுட்டு நிலத்த மெக்ஸிகோவுக்கு குடுத்தாங்க. இனிமே நீ நகரவே கூடாதுன்னு ஆத்துக்கு சிமெண்ட் போட்டு கட்டிட்டாங்க. நீங்க மேப்ல பாத்தது அதைத்தான்.

ஆத்துல தண்ணி ஏன் இல்லன்னா மேல நியூ மெக்ஸிகோல எலிஃபண்ட் பியூட்னு ஒரு அணை, 1916ல முடிஞ்சது. பாசன சீசன்ல மட்டும் திறப்பாங்க, மத்த மாசத்துல நடந்தே கடக்கலாம் (சும்மா ஒரு பேச்சுக்கு சொல்றேன், கடந்துடாதீங்க). 1906 ஒப்பந்தப்படி மெக்ஸிகோவுக்கு வருஷத்துக்கு 60,000 ஏக்கர் அடி தரணும், நமக்கு பழகின கணக்குல சுமார் 2.6 டிஎம்சி. வறட்சி வந்தா ரெண்டு நாட்டுக்கும் அதே விகிதத்துல குறையும். அந்த தண்ணி போறது பள்ளத்தாக்குல இருக்கற வயலுக்கு, வீட்டு குழாய்க்கு இல்ல.

வீட்டு குழாய்க்கு வர்றது பூமிக்கு அடில இருந்து. ஹுவேகோ போல்சோன்னு ஒரு நீர்ப்படுகை, ரெண்டு ஊருக்கும் அடில ஒரே படுகைதான். ஒரே இளநிக்கு ரெண்டு ஸ்ட்ரா! மேல சுவர் இருக்கு, வேலி இருக்கு, கேமரா இருக்கு, கீழ ஒன்னும் கிடையாது. இதுல கொடுமை என்னன்னா ஆத்து தண்ணிக்கு நூறு வருஷத்துக்கு மேல ஒப்பந்தம் இருக்கு, நிலத்தடி தண்ணிய எப்படி பங்கு போடணும்னு ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒரு ஒப்பந்தமும் இல்ல. ரெண்டு பேரும் உறிஞ்சறாங்க, நல்ல தண்ணி கீழ இறங்க இறங்க சுத்தி இருக்கற உப்பு தண்ணி உள்ள நகருது.

எல் பாசோகிட்ட காசு இருக்கு, சமாளிச்சிட்டாங்க. புல்தரைய பிடுங்கிட்டு ஜல்லி போட்டா பணம் குடுத்தாங்க, ஆத்து தண்ணிய சுத்திகரிச்சாங்க, 2007ல அந்த உப்பு தண்ணியவே எடுத்து நல்ல தண்ணி ஆக்கற ஆலை கட்டினாங்க, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் எடுக்கலாம். கடலுக்கு பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கடல்நீர் ஆலை டைப் சமாச்சாரம், மிஞ்சற உப்பு கரைசல ஆழ்கிணத்துல அடிச்சு அனுப்பிடறாங்க. ஹுவாரெஸுக்கு அந்த வசதி இல்ல, கிட்டத்தட்ட முழுசா போர்வெல்தான். பத்தாததுக்கு மேற்கால பாலைவனத்துல கொனேஹோஸ் மேதானோஸ்னு இன்னொரு படுகைலருந்து பைப் போட்டு கொண்டாராங்க. அதனால நீங்க தங்கற எடத்துல மொட்டைமாடி டேங்க் இருக்கான்னு பாத்துக்கோங்க, தினாகோன்னு கேளுங்க, கருப்பு பிளாஸ்டிக் டேங்க்தான்.

பூங்கோதை எழுதியது:

அக்கரைச்சீமை அண்ணா எழுதினத படிக்க சுவாரசியமா இருந்துச்சு, ஆனா ரொம்ப ஜாலியா சொல்லிட்டு போயிட்டீங்க. லைனே சிரிச்சுதுன்னு எழுதறீங்க, அந்த லைன்ல நின்ன பொண்ணுங்க கதை பாதிதான் வந்திருக்கு. நான் தொழிலாளர் சட்டம் படிக்கறப்ப ஒரு பேப்பர் முழுக்க இந்த ஊர் பத்தி எழுதினேன், அதனால கேட்டா சும்மா இருக்க முடியல.

ஆம்பளைங்களுக்கு வேலை இல்லன்னுதானே 1965ல திட்டம் போட்டாங்க? ஃபேக்டரி வேலைக்கு எடுத்தது பதினேழு இருவது வயசு பொண்ணுங்கள. விரல் சின்னது, சம்பளம் கம்மி கேக்கும், சங்கம் வைக்காதுன்னு கணக்கு. டுராங்கோ, டோரியோன்னு வடக்கு ஊர்லருந்து வந்தாங்க, 90கள்ல தெக்க வெராக்ரூஸ்லருந்து பஸ் பஸ்ஸா வந்தாங்க, அவங்களுக்கு அங்க ஹுவாரோச்சோன்னு ஒரு பட்டப்பேரே இருக்கு. வந்தவங்களுக்கு வீடு, ரோடு, தெருவிளக்குன்னு எதுவும் அந்த வேகத்துல வரல. பாலைவனத்து ஓரத்துல மரப்பலகை, அட்டை, டயர் வச்சு கட்டின குடிசைல இருந்துட்டு விடியகாலை நாலு மணிக்கு இருட்டுல பஸ்ஸுக்கு நடக்கணும். 1993லருந்து பொண்ணுங்க காணாம போறதும் பாலைவனத்துல பிணமா கிடைக்கறதும் கணக்குல வர ஆரம்பிச்சுது, நூத்துக்கணக்குல. 2001ல ஊருக்குள்ளயே ஒரு பழைய பருத்தி வயல்ல எட்டு பொண்ணுங்க உடம்பு. அந்த வழக்குல 2009ல அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் மெக்ஸிகோ அரசாங்கம்தான் கடமைய செய்யலன்னு தீர்ப்பு சொல்லுச்சு. நீங்க போறப்ப தெருக்கம்பத்துல பிங்க் பெயிண்ட் அடிச்சு மேல கருப்பு சிலுவை வரைஞ்சிருக்கும். அது அலங்காரம் இல்ல, அம்மாக்கள் வரைஞ்சது.

வீட்ல பயப்படறத சீரியல் பயம்னு தள்ளிடாதீங்க. 2008லருந்து 2011 வரைக்கும் போதைப்பொருள் கும்பல் சண்டை உச்சத்துல இருந்துச்சு, 2010ல மட்டும் 3,000 பேருக்கு மேல கொலை. அதே வருஷம் பாலத்துக்கு அந்தப்பக்கம் எல் பாசோல அஞ்சே அஞ்சு. நடுவுல இருக்கற ஆறு எவ்ளோ அகலம்னு ஆழ்துளை சார்தான் சொல்லணும். ஜனங்க வீட்ட பூட்டாமகூட கிளம்பிட்டாங்க. அப்ப தொழிலாளர் வீட்டுக்கடன் நிதி இருக்கே, இன்ஃபோனாவிட், அந்த கடன்ல ஊருக்கு தென்கிழக்க வரிசை வரிசையா கட்டின தீப்பெட்டி வீடு, ஒரு ஹால் ஒரு ரூம், தெரு தெருவா காலியாச்சு. ஜன்னல் கம்பி, வயர், டாய்லெட் வரைக்கும் கழட்டிட்டு போயிட்டாங்க. வேகமா வளருதுன்னு மேப்ல தெரியற கூரை எல்லாத்துக்கும் கீழ ஆள் இருக்குன்னு நினைக்காதீங்க.

சம்பளம் இப்ப பரவால்ல, 2019ல பார்டர் பகுதிக்கு மட்டும் குறைந்தபட்ச கூலிய ரெட்டிப்பாக்கி ஒரு நாளைக்கு 176.72 பெசோ ஆக்கினாங்க, 2025ல 419.88 பெசோ. ஆனா அது ஒரு நாள் கூலி. அதையே பாலத்துக்கு அந்தப்பக்கம் கொஞ்ச மணி நேரத்துல சம்பாதிச்சிடலாம். அந்த வித்தியாசம் இருக்கற வரைக்கும்தான் அண்ணா சொன்ன வியாபாரம்.

டீக்கடை_பெஞ்ச் எழுதியது:

எல்லாம் சரிங்கப்பா, தம்பி ராத்திரி வெளிய போகலாமா கூடாதா, அத நேரா சொல்லுங்க. மூணு பேரும் சேந்து பிஎச்டி குடுத்துட்டீங்க.

அக்கரைச்சீமை எழுதியது:

பூங்கோதை, நியாயம். நான் இன்ஜினியர் கேட்டுக்குள்ள நின்னு பாத்தத எழுதினேன், அந்த பொண்ணு வீட்டுக்கு எப்படி போகுதுன்னு நாலு வருஷத்துல நான் கேட்டதே இல்ல, இப்ப எழுதறப்பதான் அது உறைக்குது. வயசானவங்க சிலர் மட்டும் 2010 பத்தி பேசுவாங்க, அதுவும் குரல தாழ்த்தி, "லா வயலென்சியா"ன்னு (வன்முறைன்னு அர்த்தம்) ஒரே வார்த்தைல, பேய் பேர சொல்ற மாதிரி.

டீக்கடை அண்ணே, 2010 அளவுக்கு இல்ல, ஆனா கொலை நின்னுடவும் இல்ல, மெக்ஸிகோ அளவுல பாத்தாலும் ஆபத்தான ஊர்தான். பிளான்ட், ஹோட்டல், கூட வேலை செய்யற உள்ளூர் ஆளுங்க சொல்ற சாப்பாட்டு கடை, இது போதும். ராத்திரி கம்பெனி வண்டி இல்லாம சுத்தாதீங்க, தெரியாத காலனிக்குள்ள போகாதீங்க. பயந்து ரூமுக்குள்ளயே கிடக்கவும் வேண்டாம், பகல்ல டவுன் நடந்து பாருங்க, ஃபாயில்ல சுத்தின பரிட்டோவ (உள்ள கறி, பீன்ஸ் வச்சு சுருட்டின ரொட்டி) காலைலயே விப்பாங்க, அந்த ஊர்லதான் அது பொறந்துச்சுன்னு அவங்க சண்டைக்கே வருவாங்க.

பாலத்துக்கு நடுவுல நடந்த ஒன்ன சொல்றேன். ஒரு ஜூன் மாசம், சாயங்காலம் அஞ்சு மணி, 40 டிகிரி இருக்கும், சாண்டா ஃபே பாலத்துல வண்டி வரிசை. ஒன்றரை மணி நேரமா ஊர்ந்துட்டு இருக்கேன். சுத்தி கண்ணாடி தொடைக்கற பையன், சுரோஸ்னு எண்ணெய்ல பொரிச்ச இனிப்பு பலகாரம் விக்கற ஆளு, ஏசு படம், நாய்க்குட்டி, எல்லாம் வியாபாரம் நடக்குது. பாலம் வளைவா மேல ஏறி இறங்கும், சரியா ஏத்தத்துல என் வண்டி கொதிச்சு புகை விட்டு நின்னுடுச்சு. பின்னால ஹாரன். கண்ணாடி தொடைக்கற பையனும் சுரோஸ் ஆளும் தட்ட கீழ வச்சிட்டு வந்து தள்ள ஆரம்பிச்சாங்க. உச்சில எல்லைக்கு ஒரு பலகை இருக்கும், அது வரைக்கும் தள்ளிட்டு டக்குனு கைய எடுத்துட்டாங்க, அதுக்கு மேல அவங்க வரக்கூடாது. நல்லவேளை அங்கருந்து இறக்கம். வண்டி தானா அமெரிக்காவுக்குள்ள உருள ஆரம்பிச்சுது, நான் ஜன்னல்ல கைய விட்டு 100 பெசோ நீட்டறேன், சுரோஸ் ஆளு எட்டி வாங்கப் பாக்கறான், ரெண்டு அடி தூரம், எட்டல. மறுநாள் தேடிப் பிடிச்சு குடுத்தேன், அவன் அதுக்கு பதிலா ரெண்டு பொட்டலம் சுரோஸ் கைல திணிச்சிட்டான்.

வெயில்காரன் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவ படிச்சேன். பூங்கோதை சொன்னத வீட்ல சொல்லல, மன்னிக்கணும், சொன்னா டிக்கெட்டயே கிழிச்சிடுவாங்க. மார்ச் மாசம் ஆரம்பிச்சு மே கடைசி வரைக்கும் ட்யூட்டி. வெயிலுக்கு என்ன எடுத்துட்டு போகணும்? டைம் எல் பாசோவும் ஹுவாரெஸும் வேற வேறயா? மீட்டிங் ரெண்டு பக்கமும் இருக்கு.

ஆழ்துளை எழுதியது:

மார்ச்சா! வெயில விடுங்க, புழுதிதான் உங்களுக்கு. மார்ச் ஏப்ரல்ல மேற்கு காத்து கிளம்புச்சுன்னா மத்தியானத்துலயே வானம் டீ கலர் ஆயிடும், எதிர்ல இருக்கற மலை காணாம போயிடும், வாய மூடிட்டு இருந்தாலும் பல்லுல மணல் நறநறன்னும். ஈரத்துணிய கதவு இடுக்குல திணிச்சிட்டு படுங்க. கான்டாக்ட் லென்ஸ் போடறவரா இருந்தா கண்ணாடி எடுத்துட்டு போங்க. ஏசி இல்லாத எடத்துல கூரை மேல பெரிய ஏர்கூலர் இருக்கும், காத்து காஞ்சு கிடக்கறதால பிரமாதமா வேலை செய்யும், ஜூலை மழை ஈரம் வந்தாத்தான் சொதப்பும், அதுக்குள்ள நீங்க கிளம்பிடுவீங்க. கடல்மட்டத்துலருந்து 1,100 மீட்டருக்கு மேல இருக்கற ஊர், மார்ச் ராத்திரி குளிரும், ஒரு ஜாக்கெட் வேணும்.

டைம் ரெண்டு ஊருக்கும் ஒன்னுதான். 2022ல மெக்ஸிகோ கோடைக்கு கடிகாரத்த மாத்தற பழக்கத்த விட்டுடுச்சு, பார்டர் ஊர்ங்களுக்கு மட்டும் விலக்கு. ஹுவாரெஸ் எல் பாசோ கூடவே முள்ள திருப்பும், அதே மாநிலத்து தலைநகர் சிவாவா திருப்பாது. அதனால மார்ச்ல கடிகாரம் மாத்தறதுக்கு முன்னாடி போய் இறங்கினா சிவாவா பிளான்ட்காரன் உங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால இருப்பான், காலண்டர் இன்வைட்ட பாத்து போடுங்க.

அக்கரைச்சீமை எழுதியது:

சில்லறை பெசோ பாக்கெட்ல எப்பவும் இருக்கட்டும், நடந்து பாலம் ஏறினா டோல் கட்டணும், பெரிய நோட்ட நீட்டினா பின்னால நிக்கற கூட்டம் முறைக்கும். சுரோஸ் ஆளு இன்னும் இருந்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க, பச்சை தொப்பி.